பத்தடி அறையும் ஆறு போர்வைகளும்

என் வீட்டுக்காரரின் குதிகாலில் ஊசி ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். மழையால் துறைமுகத்தில் வேலை பாதியில் நின்றுவிட, சீக்கிரமே திரும்பி வந்தவர் அறைக்குள் ஓரடிதான் எடுத்து வைத்தார். "அம்மாடி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊசி ஒடிந்து பாதி உள்ளே போயிருந்தது. மீதிப் பாதி என் தையல் பாயில் குத்தியபடி நின்றது.

ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் கீறி எடுத்துக் கட்டுப் போட்டார். பத்து நாள் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார். ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது நான் அழுதுகொண்டே வந்தேன். ஊசியைக் குத்தி வைத்தவள் நான்தானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை எங்களுக்கு. பத்தடி நீளம், எட்டடி அகலம். சமையல் கீழே கொல்லைப்புறத்தில். படுக்கை, துணிமணி, சாமி படம், என் கைமெஷின், எல்லாம் அந்த அறைக்குள். வீட்டுச் சொந்தக்காரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். முஸ்லிம் குடும்பத்தார் அக்காவை ராத்தா என்பார்கள். சந்தே அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படியே.

நான் துண்டுத் துணிப் போர்வை தைப்பேன். தையல்கடைகளில் வெட்டி மிஞ்சும் துணியை வாங்கி வந்து, ஒரே அளவாக நறுக்கி, நிறம் பார்த்துச் சேர்த்து, நடுவில் பழைய சாரோங் கைலி வைத்து அடித்துத் தைப்பது. பினாங்கில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். குளிருக்காக யாரும் வாங்கவில்லை. கல்யாண வீட்டில் மணக்கட்டிலின் மேல் அடுக்கி வைத்தால் பார்க்க வருகிறவர்களுக்குக் கண் நிறைய வேண்டும், அதற்காக. அந்தச் சமயம் ராத்தாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஆறு போர்வைக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை ராத்தாதான் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

ஆறு போர்வைக்கான துணி வந்து இறங்கியதும் அறையில் நடக்கத் தடம் இல்லாமல் போயிற்று. சாக்கில் சீட்டித் துணி, கூடையில் சாட்டின், மூலையில் சாரோங் குவியல். நூற்கண்டு ஒரு பக்கம் உருண்டால் கத்தரி இன்னொரு பக்கம் ஒளிந்துகொள்ளும். ஒரு நாளில் பாதி தேடுவதிலேயே போகும். இரண்டு வாரத்தில் ஒரு போர்வைகூட முடியவில்லை.

ஊசி ஏறிய செய்தி கேட்டு ராத்தா மாடிக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இது ஆளு படுக்குற பீலிக்கா, குப்பக் கெடங்கா? எலி வந்து குட்டி போட்டா வீடே நாறிடும்லா. விளக்கு சாஞ்சா என்னா ஆவும்? இந்த மாசம் பாப்பேன். ஒழுங்கு பண்ணு, இல்லாட்டி மெஷின வித்துரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அதிகம் வலித்தது.

என் வீட்டுக்காரர் துணிமூட்டை ஒன்றின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல எவ்வளவு எடம் சும்மா கெடக்குது பாத்தியா புள்ள?" என்றார்.

அவர் துறைமுகத்தில் சரக்கு அடுக்குகிறவர். கரையிலிருந்து தொங்காங் படகில் சரக்கை ஏற்றி, கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். எந்த மூட்டை எங்கே உட்கார வேண்டும், எது எதன் மேல் ஏறலாம் என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. ஈயக்கட்டி அடியில், கொப்பரை அதன் மேல், ஜாதிக்காய் ஈரம் படாத மூலையில். அந்தக் கண்ணோடு அவர் எங்கள் அறையைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் சொல்லி அனுப்பினார். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு பழைய சரக்கு வலை, ஒரு கப்பி, இரண்டு தேயிலைப் பெட்டி, ஏழெட்டு பிஸ்கட் டின் கொண்டுவந்து போட்டுப் போனார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லச் சொல்ல நான் தூக்கி வைத்தேன். கனமானது அடியில், லேசானது மேலே. துண்டுத் துணியையெல்லாம் வலையில் போட்டுக் கப்பியில் இழுத்துக் கூரைக்குக் கீழே தொங்கவிட்டோம். மூன்றாம் நாள் தரை தெரிந்தது. நான் அந்தத் தரையில் சும்மா ஒரு தடவை நடந்து பார்த்தேன்.

நான்காம் நாள் தைக்க உட்கார்ந்ததும் சந்தோஷம் போயிற்று. ஒரு சிவப்புத் துண்டு வேண்டுமென்றால் வலையை இறக்க வேண்டும். ஏற்றினால் அடுத்த நொடி வெள்ளை வேண்டும். கத்தரி கனமாம், பெட்டிக்கு அடியில் இருந்தது. மதியத்துக்குள் எட்டுத் தடவை வலையை இறக்கி ஏற்றியிருப்பேன். கை எரிந்தது. ஒன்பதாம் தடவை கயிற்றை அப்படியே விட்டேன், துணியெல்லாம் தலையில் கொட்டியது.

"இது கப்பல் இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். "நீங்க ஏத்துன சரக்க கரைக்குப் போய்த்தான் எறக்குவாங்க. எனக்கு மூச்சுக்கு மூச்சு எடுக்கணும்."

அவர் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தார். சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். நோவோடு உட்கார்ந்து எனக்காகப் பாடுபட்ட மனிதரிடம் இப்படிக் கத்தினோமே என்று மனசு உறுத்தியது.

காலையில் எழுந்ததும் என் துணிக்கட்டியைக் கேட்டார். துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டி. தேயிலைப் பெட்டியின் மூடியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"நீ பாட்டுக்குத் தையி. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்க."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. பலகையில் கத்தரி மாதிரி ஒன்று, ஊசி மாதிரி ஒன்று, கட்டம் கட்டமாகத் துணி என்று வரைந்துகொண்டார். நான் எதைக் கையில் எடுத்தாலும் அதற்கு நேரே ஒரு கோடு. அன்று முழுக்க அப்படியே. மறுநாளும் அப்படியே. வெற்றிலை போடக்கூடத் திரும்பவில்லை. எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். பிறகு மறந்துபோனேன். பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, நான் வேலை செய்வதை யாரும் அதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. வேலை முடிந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பலகையைக் கீழே வைத்தார்.

"கத்தரிய வலக்கையில எடுக்கிற. வெட்டிட்டு எடப்பக்கம் வச்சிர்ற. அப்புறம் வலப்பக்கம் தேடுற. ஒவ்வொரு வாட்டியும் இதான்."

நான் நம்பவில்லை. சும்மா ஒரு துணியை வெட்டிப் பார்த்தேன். கத்தரி இடப்பக்கம் போய் உட்கார்ந்தது.

"செவப்பு எடுத்தா அடுத்தது வெள்ள. அது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். பச்சைய ரெண்டு நாளா நீ தொடவே இல்ல, அது மேல போவட்டும். ஊசி மாத்துறப்ப பழச பாயில குத்துற." கட்டுப் போட்ட காலைக் காட்டி, "அத மட்டும் நான் பாக்காமலே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

காலைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

மறுபடி எல்லாவற்றையும் இறக்கினோம். இந்தத் தடவை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டச் சொல்லி, விரல் தொடும் இடமெல்லாம் சுவரில் கோடு போட்டார். கோட்டுக்குள் அன்றாடம் வேண்டியது, கோட்டுக்கு வெளியே மற்றது. கத்தரிக்குக் கயிறு கட்டி மெஷினுக்கு இடப்பக்கம் ஆணியில் மாட்டினார். துண்டுகளுக்கு நான் பை தைத்தேன். எந்தப் பையில் எந்த நிறம் என்று தெரிய, அந்தத் துணியிலேயே ஒரு துண்டை வெளியே வைத்துத் தைத்தேன். நூற்கண்டுகளுக்குப் பலகையில் வரிசையாக ஆணி. ஊசிகளை எண்ணெய் தடவிய கம்பளித் துண்டில் குத்தி மெஷின் கழுத்தில் கட்டினோம், பினாங்கின் ஈரக்காற்றில் துரு ஏறாமல் இருக்க. முடிந்த போர்வை மூங்கில் கழியில் சுருட்டி மேலே. பகலில் எங்கள் படுக்கைப் பாயும் அங்கேதான்.

பதினோராம் நாள் அவர் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். அன்று நான் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் மத்தியானம் வரைக்கும் தைத்தேன். அதுவரை இரண்டு வாரத்திலும் முடியாத போர்வை ஐந்து நாளில் முடிந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆறையும் மடித்துக் கொடுத்தேன். கட்டிலில் விரித்ததும் பெண்கள் கூடி நின்று பார்த்தார்களாம். ராத்தாவே வந்து சொன்னார்.

சொல்ல வந்தவர் அறையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "தம்பி, என் அடுப்படியும் கந்தரகோளமாத்தான் கெடக்கு. வந்து சரி பண்ணிக் குடுங்களேன்லா" என்றார்.

"நீங்க ஆக்குறத ரெண்டு நாளு பாக்காம என்னால முடியாது ராத்தா."

"அல்லாவே! அந்நிய ஆம்பள என் அடுப்படியில ஒக்காந்து பாக்குறதா?" என்று ராத்தா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஆகவே என் வீட்டுக்காரர் என்னை அனுப்பினார். பலகையும் கட்டியுமாக ராத்தாவின் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் தாங்கவில்லை. "மொளகா டின்ன அங்க வைக்கலாமே ராத்தா", "இந்தச் சட்டிய ஏன் அங்க வச்சிருக்கீங்க" என்று வாய் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பலகையை வாங்கிப் பார்த்த என் வீட்டுக்காரர், "மஞ்சள எத்தன வாட்டி எடுத்தாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவர் என்னைப் பார்த்தது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொறுமை எனக்குக் கடைசிவரை முழுதாக வரவில்லை.

மறுநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரிசி அளக்கும்போதெல்லாம் ராத்தா ஒரு பிடியை எடுத்து அடுப்புக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் போட்டார். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. கொல்லை வாசலில் பசியென்று யாராவது வந்து நின்றால், குனிந்து அடுப்பைச் சுற்றிக் கையை விட்டு, அந்த டின்னை வெளியே எடுத்து அரிசியை அள்ளிப் போடுவார். நான்கு வருஷம் அதே கொல்லையில் சமைத்திருக்கிறேன். அதை நான் பார்த்ததே இல்லை.

மாடிக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் நெடுநேரம் பலகையைப் பார்த்தார். மற்ற சாமான்களுக்கு இடம் சொல்வதற்கு முன்னால் அந்த டின்னுக்குத்தான் இடம் சொன்னார். கொல்லை வாசலுக்குப் பக்கத்தில், குனியாமல் எடுக்கும் உயரத்தில் ஒரு பலகை அடிக்கச் சொன்னார்.

டின்னை அங்கே வைத்தபோது ராத்தா கொல்லை வாசலைப் பார்த்தார். ஒரு தடவை கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உலை வைக்கத் திரும்பினார்.