பிறந்த வீட்டுக் கோடி

எதிர்வீட்டுப் பெரியம்மா செத்துப்போனபோது எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். அவள் சொந்தப் பெரியம்மா இல்லை. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அவளும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். அதனால் அம்மாவுக்கு அக்கா, எனக்குப் பெரியம்மா. தலை முழுக்கப் பஞ்சு. தெருவில் எந்தப் பிள்ளை போனாலும் "களி தின்னியா?" என்பாள். தின்றுவிட்டேன் என்றாலும் விடமாட்டாள், உருண்டையில் குழி பறித்து நெய் விட்டுத் தட்டைக் கையில் திணிப்பாள். வாய் மட்டும் பொல்லாதது. பெற்ற மகனை "எருமை" என்றுதான் கூப்பிடுவாள். அந்த எருமைக்கு அப்போதே மீசை நரைத்திருந்தது.

அவள் பேச்சில் எப்போதும் ஒரு தம்பி இருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் தம்பி சீர் கொண்டுவருவான் என்று பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குத் தெரிந்து அந்த மகராசன் ஒரு தடவைகூட வரவில்லை. நிலத் தகராறாம்.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், கூடப்பிறந்தவன் கோடிப் புடவை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எங்கள் பக்கம் பாடையைத் தூக்குவார்கள். காலையிலேயே தம்பிக்கு ஆள் போய்விட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆண்கள் மகனின் கையைத் தொட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ரோட்டையே பார்த்தார்கள். வெயில் சாய்ந்த பிறகு, போன ஆள் மட்டும் தனியாக வந்து இறங்கினான்.

"வரலீங்க. கதவையே தொறக்கல."

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்கம்மாவ நாதியத்தவளாட்டம் அனுப்பச் சொல்றீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒரு கிழவர், "விடுப்பா, போன உசுருக்குப் பொடவ தெரியவா போவுது" என்றார். அதற்கு அவர் சும்மாவே இருந்திருக்கலாம்.

அம்மா விருட்டென்று எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்தாள். என் மாமா, அம்மாவின் அண்ணன், எப்போதோ பொங்கல் சீராகக் கொண்டுவந்தது. ஒரு நாளும் உடுத்தியதில்லை. நாங்கள் தொட்டாலே அடி விழும். அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

"கோடி கொண்டாறது ஆம்பளைங்க மொறையாச்சேம்மா" என்று கிழவர் இழுத்தார்.

"அக்கா குடிச்ச கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் நானும் வளந்தேன். இது எங்க ஊருக் கோடி. யாரு வேணாம்ங்கறீங்க?"

கிழவர் எழுந்து வழிவிட்டார். மகன் "சின்னம்மா..." என்றான். பெரியம்மா பச்சைப் புடவையோடு போய்ச் சேர்ந்தாள்.

அம்மா தலைமுழுகிவிட்டு வந்தாள். பெட்டி திறந்தபடியே கிடந்தது. அதன் முன்னால் ஈரத்தலையோடு உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு நல்ல புடவை போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். காலையிலிருந்து ஊரே ஆறுதல் சொல்வதைப் பார்த்திருந்தேனே, எனக்கு மட்டும் தெரியாதா?

"அழுவாதம்மா. மாமா வந்தா வேற பொடவ எடுத்தாருவாரு" என்றேன்.

ஐயோ, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு ஓவென்று கதறினாள்.

வரப்புத் தகராறு ஒன்றில் கோபித்துக்கொண்ட மாமா எங்கள் வாசலை மிதித்து வருடக்கணக்காகிவிட்டது. அது எனக்கும் தெரியும். கடைசிவரை அவர் வராமலே போனால் தன்மேல் போர்த்தவென்றுதான் அம்மா அந்தப் புடவையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள் என்பது மட்டும் தெரியாது.