அகராதி அக்கா வாங்கிய ‘குட்’

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகராதி அக்கா, அவ்வளவுதான். இங்கிலீஷ் அகராதியைக் கரைத்துக் குடித்ததால் கிடைத்த பட்டம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றும் ஓர் அர்த்தம் உண்டென்பதை முப்பது ஊழியர்களில் ஒருத்தர்கூட அவளிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அங்கே காலம் தள்ள முடியுமா?

வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊழியரைப் பற்றியும் மேலதிகாரி ரகசிய அறிக்கை எழுத வேண்டும். நாலு பக்கப் படிவம். முதல் மூன்றே முக்கால் பக்கத்தை ஜென்மத்துக்கும் எவனும் படிக்க மாட்டான். கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘பொது மதிப்பீடு, ஒரே சொல்லில்.’ பதவி உயர்வெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் தொங்கும். வருகிற அதிகாரிகளோ முகம் பழகுவதற்குள் மாற்றலாகிப் போகிறவர்கள். “நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா” என்று பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். படிவங்களைத் தட்டச்சு செய்து நீட்டுகிற அக்கா சொல்வாள், அவர்கள் எழுதுவார்கள். ரகசியம் என்று மேலே அச்சடித்திருந்ததே, அது பாட்டுக்கு இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘குட்’ வாங்கினவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பான். பிறகு ஒருத்தன் வந்து மூக்கைச் சிந்தினான் என்று அவனுக்கு ‘வெரி குட்’ கொடுத்தாள். மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது. எல்லாருக்கும் ‘வெரி குட்’ ஆயிற்று. அப்புறம் ‘எக்ஸலண்ட்’. அதுவும் மலிந்துபோய், இன்றைக்குப் பதினோரு மணிக்கு வந்து நாலு மணிக்குப் பையைத் தூக்குகிறவன்கூட ‘அவுட்ஸ்டாண்டிங்’! ‘எக்ஸலண்ட்’ வாங்கினால் ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. ‘வெரி குட்’ என்றால் விசாரணை வருகிறது என்று பொருள். வெறும் ‘குட்’ வாங்குவதற்கு ஒருவன் ஆபீஸையே கொளுத்தியிருக்க வேண்டும்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அக்கா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து ‘குட்’ என்றால் இன்னொரு ஸ்கேனுக்கு எழுதப் போகிறார். அதிகாரி போனில் ‘குட், குட்’ என்றால் காதில் ஒன்றும் விழவில்லை, வைத்துத் தொலை என்று அர்த்தம். நாத்தனார் சாப்பிட்டுவிட்டு ‘குட்’ என்றால் இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டாள். இப்படி எழுபத்திரண்டு அர்த்தங்கள், எதிர்ப்பக்கத்தில் நூற்றுச்சொச்சம் மாற்றுச் சொற்கள். நல்லது என்கிற அர்த்தம் மட்டும் அந்த நோட்டில் எங்கேயும் இல்லை.

இந்த வருஷம் மானேஜர் நாற்காலி காலியானது. இருபத்தாறு வருஷமாக அக்கா அதன் மேல்தான் கண்ணாக இருந்தாள். சீனியாரிட்டி பட்டியலில் ஏழு பேர். அவள் முதலாவது, அடுத்தது அவளுக்கு நாலு மாதம் கழித்துச் சேர்ந்த புகார்ப் பிரிவுத் தூங்குமூஞ்சி. பேனா பிடித்த கை பிடித்தபடி இருக்க, உட்கார்ந்தே உறங்குவான். ஆனால் தட்டி எழுப்பினால் முணுமுணுக்காமல் போய், உடைந்த குழாயைத் தானே பார்த்துவிட்டு வருவான். அதனால் அவன் பேரில் ஜனங்களுக்கு ஒரு பிரியம். அந்தப் பிரியம்தான் அக்காவை உறுத்தியது.

புது அதிகாரி அவன் படிவத்தை எடுத்து, “இவருக்கு என்னம்மா போடலாம்?” என்று கேட்டார்.

“‘குட்’ போடுங்க சார்” என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஆளை ஒழித்துக் கட்டியாயிற்று.

அதிகாரி சின்ன வயசு, வேறு இலாகாவிலிருந்து வந்தவர், இந்த ஆபீஸின் விலைவாசி தெரியாது. கடைசிப் படிவத்தை எடுத்ததும், “உங்களுக்கு மட்டும் நானே எழுதறேன்மா” என்று சிரித்தார். அக்கா அடக்கமாகத் தரையைப் பார்த்தாள்.

சாயங்காலம் படிவக் கட்டு அவள் மேஜைக்குத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கட்டத்தில், அழகான கையெழுத்தில், ‘குட்’.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதாள். தையற்கடை வைத்திருக்கும் புருஷன் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். “நல்லவள்னுதானே போட்டிருக்காரு? அதுக்கு ஏன் அழறே?” என்றார்.

“உங்களுக்கு ஒரு எழவும் தெரியாது, சும்மா இருங்க!”

அவர் சும்மா இருந்தார். அந்த வீட்டில் அவருக்கு நன்றாகப் பழகிய வேலை அது.

மறுநாள் காலை அதிகாரி நாற்காலியில் சாயக்கூட இல்லை, அக்கா எதிரே நின்றாள். “நான் என்ன சார் தப்பு பண்ணினேன்?”

“தப்பா? மூணு மாசமா பாக்கறேன். நீங்க இல்லாட்டி இந்த ஆபீஸ் ஓடாதும்மா. நல்லா யோசிச்சுத்தான் எழுதினேன்.”

“யோசிச்சா சார் இதை எழுதினீங்க?” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “முப்பது பேருக்கும் சேர்த்து மாடா உழைச்சதுக்கு இதுவா?”

மனுஷன் பேந்தப் பேந்த விழித்தார். “அழாதீங்கம்மா. என்ன வேணுமோ நீங்களே போட்டு எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்.” அரை மணி நேரத்தில் நாலு பக்கமும் புதிதாகத் தட்டச்சாகி வந்தன. கட்டத்தில் ‘அவுட்ஸ்டாண்டிங்’. பழையதை அவளே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

தேர்வுக் குழு கூடிய அன்று தலைமை தாங்கியவர் வெளியூர்க்காரர். அறைக்குள் நடந்ததை அதிகாரிதான் வந்து சொன்னார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

“ஏழு அறிக்கையில ஆறு ‘அவுட்ஸ்டாண்டிங்’மா. தலைவருக்குக் கோபம் வந்துடுச்சு. ‘ஆறு பேரும் வானத்துலேர்ந்து குதிச்சாங்களா? எல்லாம் புளுகு! இதோ, ஒருத்தரைப் பத்தியாவது உண்மையா ‘குட்’னு எழுதியிருக்காங்க, இவரையே போடுங்க’ன்னுட்டாரு. பத்து நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு.” கொஞ்சம் தயங்கினார். “நான் முதல்ல எழுதினதே இருந்திருந்தா ரெண்டு ‘குட்’ இருந்திருக்கும். சீனியாரிட்டில நீங்கதான்மா முதல்.”

அக்காவுக்குக் கோபிக்க ஆள் கிடைக்கவில்லை. யார் யாரையோ மனசுக்குள் திட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் அது தன்னிடமே வந்து நின்றது. தூங்குமூஞ்சியின் நியமன உத்தரவையும் அவளேதான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

கடைசி வரியை அடித்துக்கொண்டிருந்தபோது அவனே வந்து நின்றான். தூக்கம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

“அதிகாரி சொன்னாருக்கா. அந்த வார்த்தையை நீங்கதான் சொன்னீங்களாமே. எங்க வீட்ல என் பொண்டாட்டி, பிள்ளைங்ககூட என்னை ஒரு நாளும் நல்லவன்னு சொன்னதில்லக்கா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, ‘உன்னை ஒழிக்கத்தான்டா சொன்னேன்’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. நூற்றுச்சொச்சம் சொல் தெரிந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். மானேஜர் எதிரே வந்தால் எழுந்துதானே ஆக வேண்டும்.