சிரிக்கும்போது வரைந்த முகம்

என் நோயை முதலில் பிடித்தது மகளின் பென்சில். ஓவியக் கல்லூரிப் பயிற்சிக்காகக் கவிதா என்னை எதிரே உட்கார வைத்தாள். வரைந்துகொண்டே அவள் கல்லூரிக் கதைகளைச் சொல்ல, நான் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பார்த்ததும் திக்கென்றது. மூக்கோர நிழலை விரலால் தேய்த்து இறக்கியிருந்தாள். காதோர நரை இழை இழையாகத் தெரிந்தது. ஆனால் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. உதடு, கை எடுக்காமல் இழுத்த ஒரே கோடு. யாரையோ வெறுக்கிற பெண்ணின் முகம்.

"ஏன் கண்ணு, நான் சிரிச்சுட்டுத்தான இருந்தேன்?"

"நீங்க ஒருக்காக்கூடச் சிரிக்கலீங்கம்மா. எம்மேல கோவமோன்னு பயந்துட்டே வரைஞ்சேன்."

எங்கள் ஊர் எலப்புள்ளியில் ஐந்து வீடு தள்ளி என் நாத்தனார். இந்தப் படத்துக்கு முன்பே, அவர் மகளின் நிச்சயத்தில் மனசார வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன். "மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நிக்கறா, பொறுக்கலையாட்ட இருக்குது" என்று அவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கும் ஒப்புக்குத்தான் அழைத்தார். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமலே பல மாதம் அழுதேன்.

தோள் இறுக்கத்துக்காகப் பாலக்காட்டில் நரம்பு மருத்துவரிடம் போனபோது கவிதா அந்தப் படத்தையும் எடுத்துவந்தாள். அவர் என்னை நடக்க வைத்தார், விரல்களைத் தட்ட வைத்தார். அப்புறம் படத்தைப் பார்த்தார்.

"நீ வரைஞ்சது சரிதான் மோளே. அம்மாவுக்குக் கோபமில்லை, இது அசுகம், ஒரு நோய்."

பார்க்கின்சன் (மூளையில் அசைவுக்கு உதவும் ரசாயனம் குறைவதால் வரும் நோய்). முகத்தசைகளும் இறுகுமாம், மனதில் இருப்பது முகத்துக்கு வராதாம்.

வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தேன். இரண்டு கண்மணிகளிலும் ஒரு சிறு புள்ளியைப் பென்சில் படாமல் வெள்ளையாக விட்டிருந்தாள். அந்த முகத்தில் நான் இருந்தது அங்கே மட்டும்தான்.

மாத்திரையில் நடை தேறியது. முகம் அவ்வளவாகத் தேறவில்லை. இதே நோய் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முகம் சொல்லிவிடும் என்று இருக்காதீர்கள்.

போன வாரம் நானே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். நோயைச் சொன்னேன். "புள்ள நல்லா இருக்கறது எனக்குச் சந்தோசமுங்க நங்கையா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "செரி, இருங்க, காப்பி போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

அதன் பிறகுதான் என் உதடு மெல்ல விரிந்தது. யாருமில்லாத கூடத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.