கேமரா டின்னில் ஒரு பிடி அரிசி

கல்யாணமாகி நான் மலாக்கா டவுனுக்கு வந்த மறு வருஷமே என் வீட்டுக்காரர் என்னையும் வேலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். டவுனில் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்குப் போய்ப் படம் எடுப்போம். பெண்களுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்து உட்காரவைப்பதும் கேமரா நனையாமல் காப்பதும் என் பொறுப்பு.

மழைக்காலத்தில் இரண்டாவதுதான் பெரும்பாடு. கேமராவை மெழுகுத் துணியில் சுற்றிப் பெரிய பிஸ்கட் டின்னில் வைப்போம். ஈரம் இறங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். அதற்காக ஒரு பிடி அரிசியைச் சிவக்க வறுத்து, ஆறவைத்து, துணிப்பையில் கட்டி டின்னுக்குள் போட்டுவைப்பேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்குள்ளிருந்து ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. போனால் ஜெயில்.

ஒரு ஞாயிறு மஸ்ஜித் தானா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்குப் போனோம். கேட்டில் இருந்த மலாய்க் காவல்காரர் டின்னைத் திறந்து, அரிசிப் பையை முகர்ந்து பார்த்தார். கேமராவுக்கு என்று என் வீட்டுக்காரர் மலாயில் விளக்கினார். காவல்காரர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

மத்தியானம் வரை தூறல்தான். ஒன்பது குடும்பங்களை எடுத்து முடித்தோம். பத்தாவதாகக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அவள் புருஷனை விசாரணைக்கென்று பிடித்துப் போய்த் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அப்போது அவள் ஏழு மாத கர்ப்பம்.

"அவரு புள்ளைய இன்னும் பாக்கலக்கா. கடுதாசியோட இத வச்சு அனுப்பணும்," என்றாள்.

அவளை வாசலில் நிறுத்திக் குடை பிடித்தேன். என் வீட்டுக்காரர் ஷட்டரை அழுத்திய அதே நொடியில் காற்று திரும்பி, அவள் முகத்தில் சாரல் அடித்தது. குடை மடங்கிக்கொண்டது. திறந்து கிடந்த டின்னுக்குள் மழை கொட்டி, அரிசிப் பை சொதசொதவென்று ஊறிவிட்டது.

"டவுன் போய்ச் சேர மூணு மணி நேரமாவும். இந்த ஈரத்துல கேமரா தாங்காது," என்றார் அவர்.

நாங்கள் அரிசி கேட்கவே இல்லை. அந்தப் பெண் உள்ளே போய்த் தன் ரேஷன் அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்தாள். அவள் அடுப்பிலேயே வறுத்து, உலர்ந்த துணியில் கட்டினோம். காலையில் கொண்டுவந்த அளவுதானே என்று நினைத்தேன். கேட்டை நெருங்கும்போதுதான் புத்தியில் உறைத்தது. என் கையில் இருப்பது வேலிக்கு உள்ளே இருந்த அரிசி. அதுவும் தடுப்புக் காவலில் இருப்பவன் வீட்டு அரிசி.

திரும்பிப் போகலாமா என்று அவரைப் பார்த்தேன். அதற்குள் கேட்டில் நின்ற போலீஸ் சார்ஜன் கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டார். காலையில் அவர் இல்லை. டின்னைத் திறந்து பையைக் கொட்டினார். கட்டை விரலால் அரிசியைக் கிளறினார்.

"எந்த வீட்டில் கொடுத்தது?" என்று மலாயில் கேட்டார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "டவுனிலிருந்து கொண்டுவந்தது. காலையில் பார்த்தார்களே." அரிசி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சார்ஜனின் விரலுக்கு அது தெரியாமலா இருக்கும்?

சார்ஜன், காலையில் எங்களை உள்ளே விட்ட காவல்காரரைக் கூப்பிட்டார். "நீ பார்த்தாயா?"

காவல்காரர் அரிசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலையில் இருந்தது நீலத் துணி. இது வெள்ளைத் துணி.

"இருந்தது, சார்ஜன். நான்தான் விட்டேன்," என்றார்.

கொண்டுபோக விட்டதே தப்பு என்று அவருக்குச் செமத்தியாகத் திட்டு விழுந்தது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அரிசியைப் பறித்துக்கொண்ட சார்ஜன் கேமராவைக் காட்டி, "இதையும் திற," என்றார்.

அப்படியே திறந்தால் வெளிச்சம் பட்டு ரோல் முழுக்க வீண். என் வீட்டுக்காரர் கெஞ்சினார். இன்னும் இரண்டு படம் மிச்சம் இருந்தது. அது போனால் போகட்டும், கடைசி வரை சுற்றிவிட்டுத் திறக்கிறேன் என்றார். சார்ஜன் யோசித்து, சரி என்றார். கேட்டில் கூரை கிடையாது, மழையும் விடவில்லை. நான் மண்ணில் மண்டியிட்டு முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அது அப்போதே நனைந்துதான் இருந்தது. சொட்டுவதைப் பார்த்த சார்ஜன், என்ன நினைத்தாரோ, தன் மழைக்கோட்டைக் கழற்றி எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். "சீக்கிரம்லா," என்றார்.

அந்த இருட்டில் என் வீட்டுக்காரர் ரோலைக் கழற்றி, அதைச் சுற்றியிருந்த காகிதத்தின் நுனியை நக்கி ஒட்டி, தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வெறும் கேமராவை சார்ஜன் உள்ளே வெளியே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பத்துப் படமும் தப்பியது. கேமராவுக்குத்தான் ஒரு மாதம் கழித்து லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை விழுந்தது.

அடுத்த முறை போனபோது அவளிடம் படத்தைக் கொடுத்தேன். குழந்தை கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, மழத்தண்ணி என் மூஞ்சில வழியுது. நான் அழுவுறேன்னு நெனச்சிக்குவாருக்கா."

படத்தை ஸ்டூடியோவுக்குத் திரும்ப எடுத்து வந்தோம். என் வீட்டுக்காரர் நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு, கன்னத்திலிருந்த துளிகளை ஒவ்வொன்றாக மறைத்தார். இரண்டு நாள் பிடித்தது. புதுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள் தபாலில் அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கே வந்தாள். முகாமிலிருந்து கடிதம் வந்திருந்தது. பாதி வரிகளை அதிகாரிகள் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மிச்சமிருந்ததை என்னை வாசிக்கச் சொன்னாள். படம் கிடைத்ததாம், தலைமாட்டில் வைத்திருக்கிறாராம். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டிருந்தார்.

"ரெண்டு முளச்சிருச்சுக்கா," என்று அவள் பிள்ளையின் உதட்டை விலக்கிக் காட்டினாள். "எழுதிக் குடுங்களேன்."

நான் பேனாவை எடுத்தேன்.