வட்டயப்பக்காரி சொன்ன சேதி

எதைத் தின்றாலும் அதுபோல வருமா என்று குறை சொல்லும் நாக்கு எனக்கு. ஏழெட்டு வயதிலேயே அதைக் கெடுத்தது போடிச் சந்தைக்கு வந்த ஒரு மலையாளத்து அம்மாள்தான். அப்போது மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குப் பஸ்சு ஏது? மலைச் சரக்கெல்லாம் கழுதைமேலும் தலைச்சுமையிலும்தான் இறங்கும். ஏலக்காய் மூட்டைகளோடு நடந்து வரும் அந்த அம்மாளின் கூடையில், வாழையிலையை விலக்கினால் வட்டயப்பம். அரிசி மாவைப் புளிக்கவைத்துத் தட்டில் ஊற்றி ஆவியில் அவித்தது. விரலால் அமுக்கினால் அமுங்கி மறுபடி எழும்பும். அதில் ஏலக்காய் மணந்தது. எங்கள் வீடு ஏலக்காய் வியாபார வீடு. ஆனால் அடுப்பங்கரைக்கு ஒரு காய் வந்ததில்லை. விற்கிறதைத் தின்பார்களா என்பார் அய்யா. அந்த மணத்தைத் தின்னவும் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. இன்றைக்கும் அதற்காக ஏங்குகிறேன்.

அய்யாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மாமா மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குக் கங்காணியாகப் போனவர். வந்து கூட்டிப்போகிறேன் என்றவர், போனவர் போனவர்தான். நான் கொண்டுவந்த அப்பத்தில் முதல் விள்ளலை எனக்கு ஊட்டிவிட்டு, அந்த அம்மாள் எந்தத் தோட்டத்துப் பக்கம் என்று அத்தை விசாரித்தாள். மாமா இருக்கிற அதே பக்கந்தான். அவ்வளவுதான், அடுத்த சந்தைக்கு நான் அத்தையின் கேள்வியோடு போனேன். அவர் சுகமா, எப்போது வருவார்?

அய்யா வியாபாரிகளோடு பேச்சில் இருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள்.

"அயாள் அவிடெ பெண்ணு கெட்டி, மோளே."

ஓடிவந்து எனக்கு விளங்கிய மட்டும் ஒப்பித்தேன். பொண்ணு கெட்டியாம், அத்தை! அத்தை முகம் வெட்கத்தில் சிவந்துபோயிற்று. வேறு எந்தப் பொண்ணு? தனியாகக் கிடந்து சமாளிக்கிறாளே, கெட்டிக்காரி என்று புருஷனே மெச்சிவிட்டார் என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டோம். அந்த வாரம் முழுக்க அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்ணெய் காணாமல் கிடந்த தலையை வாரிப் பூ வைத்தாள். மாமாவுக்குப் பிடிக்குமென்று அதிரசம் சுட்டு, ஓலைப்பெட்டியில் அடுக்கி, கொடுத்தனுப்பச் சொன்னாள். எனக்கு உடைந்தது ஒன்றுதான் கிடைத்தது.

சந்தையில் பெட்டியை நீட்டி, அத்தை கெட்டியாகத்தான் இருக்கிறாள், மாமாவை வெரசாக வரச் சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மாள் பெட்டியைத் தொடவில்லை. அய்யாவைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். அந்தப் பேச்சில் பெண்ணு கெட்டி என்றால் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று அர்த்தம். தோட்டக்காரர்களோடு புழங்கிய அய்யாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரிய வந்தபோது எனக்கே கல்யாணமாகியிருந்தது. உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று அதிரசத்தை அய்யா அந்த அம்மாளிடமே விட்டுவிட்டார். அவள் முழு வட்டயப்பம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று என்னைத்தான் கேட்டாள். அய்யா தங்கையின் முகத்தையும் தலையில் இருந்த பூவையும் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அப்பத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மாப்ள குடுத்துவிட்டிருக்காரு. சோலி முடியவும் வருவாராம்."

அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து, மெல்ல மெல்ல, முழுவதையும் தின்றாள். எப்போதும் எனக்கு ஊட்டிவிட்டுத் தின்கிறவள், ஒரு விள்ளல்கூடத் தரவில்லை. அது எனக்குக் கொடுத்தது என்று கத்த வாயெடுத்தேன். அய்யா என் வாயைப் பொத்தி, தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். தோளில் கிடந்து தேம்பிய நான் நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணிலும் தண்ணீர். பாவம், அப்பம் கிடைக்காத வருத்தம் அய்யாவுக்கும் இருக்கிறதாக்கும் என்று எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.