உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை

இரும்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் நான் அதை முதலில் பார்த்தேன். பந்திக்கு அழைத்ததும் கனகா அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவளுடைய இளம்பச்சைப் பட்டுப்புடவையின் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. அவளுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

யாரும் கவனிப்பதற்குள் அவளை ஒட்டியபடி நடந்து கழிவறைக்கு அழைத்துப் போனேன்.

"எப்பலருந்துக்கா இப்படி?"

"சூடுடி. வெயிலு இன்னா அடி அடிக்குது பாத்தியா? ரெண்டு எளநீ குடிச்சா சரியாப்பூடும்."

அவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. கைப்பையில் துணி மடித்து வைத்திருந்தாள். முதல் முறை இப்படி ஆகிறவள் துணியோடு கல்யாணத்துக்கு வரமாட்டாள்.

கனகா அக்கா என் கணவருடைய அண்ணனின் மனைவி. வண்டலூருக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் ஒரே வளாகத்தில் இரண்டு குடும்பமும் இருக்கிறோம். நெல் விளைந்த நிலத்தில் இப்போது வரிசை வீடுகள். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளை ஆள்வது அக்காதான். தண்ணீர் மோட்டார் போடுவதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்ப்பதுவரை அவள் குரல்தான் தெருமுனைவரை கேட்கும். நான் தாம்பரத்தில் மாதச் சம்பளக் குடும்பத்தில் பிறந்தவள்; ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குரலைக் கேட்டாலே பயமாக இருக்கும். பிறகு அந்தக் குரல் இல்லாவிட்டால் வீடே வெறிச்சென்று இருக்கும் என்றாகிவிட்டது.

மண்டபத்திலிருந்து வந்த பிறகு ஒவ்வொரு வாரமும் அவளை மருத்துவரிடம் வரச் சொன்னேன். தாம்பரத்தில் தனியார் மருத்துவமனை வேண்டாம், அங்கே போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்றாள். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மறுத்தாள். அதற்கு அவள் சொன்ன காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

"அங்க ஒரே ஹாலு. டாக்டரம்மா மேசைக்கு அந்தாண்ட ஆம்பளைங்க வரிசையா நின்னுகினு கீறாங்க. எல்லாம் எனக்கு வாடகை குடுக்கறவனுங்க. அவனுங்க நடுவுல நின்னு நா இன்னான்னு சொல்றது?"

காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் நாய்க்கடிக்கும் அந்த ஒரே கூடம்தான். பெண்களுக்கான பரிசோதனை என்றால் வேறு ஊருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டோடு வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போவதே இல்லை.

அந்த வருஷம்தான் சுகாதார நிலையத்தை நலவாழ்வு மையமாக மாற்றும் வேலை நடந்தது. மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். பின்னால் இரண்டு அறைகள் கட்டினார்கள். மருந்துச் செடிகள் நட்டு, யோகா வகுப்பு நடக்கும் என்று பலகை வைத்தார்கள். ஊரே சிரித்தது. அக்காதான் அதிகம் சிரித்தாள்.

"மூச்சு வுடக் கத்துத் தர்றாங்களாம்டி. இத்தினி வருஷமா நாம வுட்டதெல்லாம் இன்னாவாம்?"

என் கணவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒரு நாள் அங்கே போனேன். பெயரைக் கூப்பிடும்வரை காத்திருந்தபோது பின்பக்க அறை ஒன்று திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு விளக்கு, கைகழுவும் தொட்டி. பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை அங்கேயே செய்கிறோம் என்றார் நர்ஸ். பெயர் மேரி. என்னைவிட இளையவர், புதிதாக மாற்றலாகி வந்தவர். நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "தனி ரூம்க்கா. கதவு இருக்கு. உள்பக்கம் தாப்பா இருக்கு. உள்ள ஒரு சிஸ்டர் மட்டும்தான்."

அவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "தாப்பா மெய்யாலுமே வுழுவுதா? போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

மறுநாளே வந்தாள். அதற்கு முந்தைய மாதங்களில் நான் சொன்ன எந்த நியாயமும் செய்யாததை ஒரு தாழ்ப்பாள் செய்தது.

அறைக்குள் போகும்போது என் கையைப் பிடித்து இழுத்தாள். "இவளையும் பாரு சிஸ்டர். நா மட்டும் இன்னா பாவம் பண்ணேன், தனியா படுக்கறதுக்கு?"

மேரி சிஸ்டர் சிரித்தார். "வந்ததே வந்தீங்க, நீங்களும் பாத்துக்கோங்க மேடம். வலிக்காது."

முதலில் அக்கா படுத்தாள். கூரையைப் பார்த்தபடி குடித்தனக்காரர்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் கருவியை உள்ளே வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். பிறகு எதையும் தொடாமல் கருவியை எடுத்துவிட்டார். "அக்கா, டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்" என்றார். குரல் மாறவில்லை. ஆனால் அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கும் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவினால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். எனக்கு ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. புற்றுநோய் இல்லை, விட்டால் சில வருஷங்களில் ஆகக்கூடியது. பெரிய மருத்துவமனையில் அதைச் சூட்டால் பொசுக்கிவிட்டார்கள். மாதவிலக்கு வலி மாதிரி ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். அன்று மாலை நானே சமைத்தேன்.

அக்காவுக்கு பயாப்சி (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது), பிறகு ஸ்கேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை. இடுப்பெலும்புவரை பரவி, ஒரு பக்கச் சிறுநீர்க் குழாயை நெருக்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் கீமோவும் (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) சேர்த்துத் தரலாம் என்றார் மருத்துவர். அக்காவின் கணவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அக்கா என்னிடம் திரும்பினாள்.

"உனக்கு இன்னா சொன்னாங்க?"

ஸ்கேன் படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டே, அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. சொன்னேன். என்னுடையது சரியாகிவிட்டது என்றேன்.

"அப்ப நாம போனது வீணில்ல" என்றாள். அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். அதைப் பார்க்க முடியாமல் நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

கதிர்வீச்சு வார நாட்களில் தினமும். வண்டலூரில் மின்சார ரயில் ஏறிப் போவோம். முதல் இரண்டு வாரம் சன்னலோரம் இடம் பிடித்து, ஊரில் உள்ளவர்களைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டு வருவாள். பிறகு அவளால் உட்கார முடியவில்லை. தோல் வெந்துபோயிருந்தது. பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நின்றுகொண்டே வருவாள். யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "நீ குந்தும்மா, நா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுவேன்" என்பாள்.

இதே பாதையில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வயிற்றுப்போக்கும் எரிச்சலும் வரும், போகும். குளிர்ந்த மோரும் பருத்தித் துணியும் உதவும். வலி தாங்குவது பெருமை இல்லை. முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்கா சொல்லாமல் இருந்து ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

பிறகு உள் கதிர்வீச்சு (கருவியை உடலுக்குள் வைத்துத் தருவது). அதுவும் முடிந்து சில வாரங்களில் ரத்தப்போக்கு நின்றது. முகத்தில் சதை ஏறியது. தெருமுனைவரை மறுபடி குரல் கேட்டது.

ஒரு நாள் காலையில், நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு நலவாழ்வு மையத்துக்குக் கிளம்பினாள். யோகா வகுப்புக்கு.

"சிரிக்காதடி. டாக்டரு காலை நீட்டி மடக்கச் சொல்லிகீறாரு."

கடைசியில் கண்மூடிப் படுக்கச் சொல்லும்போது அவள் தூங்கிவிடுவாளாம். குறட்டைச் சத்தத்தில் மற்றவர்களால் மூச்சைக் கவனிக்க முடியவில்லை என்று யோகா சொல்லித்தரும் பெண் என்னிடம் முறையிட்டாள். அந்த மாதங்களில் நாங்கள் நோயின் பெயரைச் சொன்னதில்லை. மல்லிகையும் மழையுமாக ஒரு சாதாரண வருஷம் எங்களுக்குக் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

வருஷம் முழுதாகக் கிடைக்கவில்லை. இடது கால் வீங்கியது. முதுகில் இடைவிடாத வலி. மறுபடி ஸ்கேன். நோய் திரும்பி, இரண்டு சிறுநீரகங்களின் வழியையும் அடைத்துக்கொண்டிருந்தது.

மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். "இனி நோயை விரட்டறதுக்கு மருந்து இல்லம்மா. வலி இல்லாம வெச்சுக்க முடியும். அதை நிச்சயமா செய்யலாம்."

"இங்கயே கெடக்கணுமா?" என்று கேட்டாள் அக்கா.

"வேண்டாம். உங்க ஊர் மையத்துலயே அதுக்கு நர்ஸ் இருக்காங்க. வீட்டுக்கே வருவாங்க."

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய மருத்துவமனை கையை விரித்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் எங்கள் ஊரில் பழக்கம். நோயாளி வீட்டில் கத்திக்கொண்டே கிடப்பார். தெரு காதை மூடிக்கொள்ளும். அக்கா அப்படிக் கிடக்கவில்லை. மேரி சிஸ்டர் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்தார். மார்ஃபின் மாத்திரை (கடும் வலிக்கான மருந்து) எப்படி நேரம் தவறாமல் தருவது, படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று எனக்கும் அக்காவின் மகள் தீபாவுக்கும் கற்றுக்கொடுத்தார். தீபா பள்ளிக்கரணையில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள்.

ஒரு பிற்பகல், முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த சிஸ்டரிடம் அக்கா கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாத சொல்லணும். அந்த ரூமு ரெண்டு வருஷம் முன்னால கட்டியிருந்தா நா பொழச்சிருப்பனா?"

சிஸ்டர் துணியைப் பிழிந்தபடி இருந்தார்.

"பொழைச்சிருக்கலாம் அக்கா" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

தீபா எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு அக்கா சிஸ்டரின் கையைத் தட்டினாள். "சரி, அழாத. கட்டிட்டாங்க இல்ல. எவ எவ இன்னும் வரலன்னு சொல்லு."

மறுநாளிலிருந்து போன் அவள் தலைமாட்டில் இருந்தது. குடித்தனக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டாள். "போனியா இல்லியா? நாளைக்குள்ள போவல, வூட்ட காலி பண்ணிகினு போய்கினே இரு." கடைசி வீட்டில் பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். தமிழ் தெரியாது. அவளைக் கட்டிலருகே வரவழைத்து, தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் கொட்டினாள். "ஜாவ்! டெஸ்ட் ஜாவ்! டர் நஹி. தாப்பா ஹை." டெஸ்ட்டுக்குப் போ, பயமில்லை, தாழ்ப்பாள் இருக்கிறது என்று அர்த்தமாம். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்ட, தீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட சிரிப்பு அது. அந்தப் பெண் போனாள். மற்றவர்களும் போனார்கள். ஒவ்வொருத்தியும் திரும்பி வந்து வாசலில் நின்று, ஒன்றுமில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அக்கா அதிகம் தூங்கினாள். சிறுநீரகம் நின்றால் அப்படித்தான், வலி இருக்காது என்றார் சிஸ்டர். ஒரு நாள் மதியம், மாத்திரை தரும் நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"ஆபீசு போவலியா?"

"லீவுக்கா."

"எத்தினி லீவுடி குடுப்பான் உங்க மொதலாளி" என்றாள். திரும்பத் தூங்கினாள். வெளியே யாரோ மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்துகொண்டிருந்தது. முன்பென்றால் அந்தச் சத்தத்துக்கு அவள் கத்தியிருப்பாள். நான் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். அதற்குள் அவள் மூச்சு நின்றுபோயிருந்தது.

எனக்கு மறுபரிசோதனை உண்டு. போய்ப் படுக்கிறேன். விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு மேடம்" என்கிறார் சிஸ்டர். முன்பெல்லாம் என் உடம்புக்குள் அப்படி ஓர் இடம் இருப்பதை நான் நினைத்ததே கிடையாது. இப்போது ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அது தெரிகிறது. வலியாக இல்லை, யாரோ எனக்காக விட்டுக்கொடுத்த இருக்கையில் உட்கார்ந்திருப்பது போல.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் போன பிறகு அந்த வித்தியாசம் வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்து வந்தது. வருகிற ஆவணியில் எனக்கும் அவள் வயது ஆகும். அதற்குப் பிறகு வருகிற வயதையெல்லாம் அவள் பார்த்ததில்லை. அங்கே எப்படி இருக்கும், முட்டி வலிக்குமா, கண் மங்குமா என்று எனக்கு முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆளில்லை. நான்தான் முதலில் போகவேண்டும்.