பூஜையில் வைத்த பிளக்

வண்டிக்கு பிளக் மாட்டும்போது மட்டும் அப்பா ஏன் யாரோடும் பேசுவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பாவுக்கு ஷாக் அடிக்கும்னு பயம்" என்று சின்னவன் பதில் சொல்லிவிட்டான். பயம் என்பது சரிதான். ஆனால் ஷாக்குக்கு இல்லை. பெரியவளுக்குப் பாதி ஞாபகம் இருக்கும். சின்னவனுக்கு ஒன்றுமே ஞாபகம் இருக்காது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நாம் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில், வாழைத்தோப்புக்கு எதிரே இருந்த வீட்டில் குடியிருந்தோம். பெரியவள் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு நாலு வயசு. நான் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடைக் குடோனில் வேலை. காவிரிப் பாலத்தைத் தாண்டி போக வர எனக்கு இருந்தது அந்தப் பழைய பைக் ஒன்றுதான். சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். ஆயில் மாற்றுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவது. செல்லில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தபோது வண்டி இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. பூஜைக்காக எப்படியும் வண்டியைக் கழுவ வேண்டும், அத்தோடு பிளக்கையும் மாற்றிவிடலாம் என்று புதுசு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். காலையில் வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளக் ஸ்பேனரைப் போட்டுப் பழைய பிளக்கைத் திருப்பினேன். இறுகிப் போயிருந்தது. பலம் கொடுத்துத் திருப்பியதில் ஸ்பேனர் சரிந்து பிளக்கின் வெள்ளைப் பீங்கான் படக்கென்று உடைந்தது. இரும்புப் பாகம் மட்டும் கழன்று வந்தது. போனால் போகிறது, தூக்கிப் போட வேண்டியதுதானே என்று எறிந்துவிட்டேன். இன்ஜினில் அந்த ஓட்டை வழியாகத் தூசி விழக்கூடாது என்று ஒரு துணியை உருட்டி அடைத்தேன்.

புதுசைப் பிரித்து மாட்டப் போகும்போது உங்கள் அம்மா வந்தாள்.

"என்னங்க, அது புதுசுதானே? அதையும் சாமிகிட்ட வச்சுட்டு நாளைக்கு மாட்டுங்களேன்."

"வண்டி ஓடாதும்மா அப்புறம்."

"இன்னைக்கு எங்க போகப்போறோம்? உங்களுக்கும் லீவுதான். அந்த ஸ்பேனரு, திருப்புளி எல்லாத்தையும் கொடுங்க. கழுவிப் பொட்டு வைக்கணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளுடைய தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, பெரியவளின் புத்தகப் பை, என் ஸ்பேனர்கள், எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு வெற்றிலை மேல் புது பிளக். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் விஜயதசமிக்குத் திரும்ப தீபம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன் தொடக்கூடாது. இதில் உங்கள் அம்மா மிகக் கண்டிப்பு. சின்ன வயசில் அவள் வீட்டில் யாரோ அவசரத்துக்குப் பூஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தார்களாம். அந்த வாரமே அவளுடைய அப்பா லாரியில் அடிபட்டாராம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் முகம் மாறிவிடும்.

மத்தியானம் தூறல் போட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டோம். உங்கள் அம்மா சாம்பிராணிக் கரண்டியோடு அறை அறையாகப் போனாள். வீடு முழுக்கப் புகை. நல்ல வாசனை. பெரியவள் புகைக்குள் கையை விட்டு விளையாடினாள். சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தேன்.

சின்னவன் இருமுகிற சத்தத்தில் எழுந்தேன். தம்பி, உனக்குக் கைக்குழந்தையில் இருந்தே இழுப்பு உண்டு. உன் இருமல் எல்லாம் எனக்குத் தெரியும். சளி இருமல் ஒரு மாதிரி, அடம் பிடிக்கிற இருமல் ஒரு மாதிரி. இது இரண்டும் இல்லை. சின்னதாக, வறண்டு, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எழுந்து பார்த்தால் நீ கட்டிலில் கையை ஊன்றிக் குந்தியிருந்தாய். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

இன்ஹேலரை எடுத்து அழுத்தினேன். காற்றுதான் வந்தது. குலுக்கினேன், திரும்ப அழுத்தினேன். மருந்து தீர்ந்திருந்தது.

"தம்பி, அப்பாவைப் பாரு. என்னடா பண்ணுது?"

"அப்பா..." என்றாய். ஒரு மூச்சு இழுத்தாய். "முடி..." இன்னொரு மூச்சு. "யலை."

முன்பு ஒரு டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். குழந்தை ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் வார்த்தை வார்த்தையாக இழுத்தால் வீட்டில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே கிளம்புங்கள் என்று. அது அப்படியே என் காதில் கேட்டது.

உங்கள் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு, நல்ல காற்றுக்கு ஓடினாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வர வேண்டும், கிளம்பிவிட்டார்கள், குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள் என்றார்கள். பாலத்தில் அன்றைக்கு எப்படிக் கூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் போகிறவன் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூஜைக்குத் தொட்டியத்துக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. எதிரே வெறும் வாழை. மழையில் முனை வரைக்கும் ஓடிப் பார்த்தேன். ஆட்டோக்கள் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன. ஆள் ஒருத்தர் இல்லை. பூஜையை முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். செல்லில் ஆட்டோ தேடினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தேன். நம் வண்டியும் மாலையோடுதான் நின்றது. இன்ஜினில் துணி அடைத்த ஓட்டையோடு.

உள்ளே போய்ப் பூஜை அறை வாசலில் நின்றேன். ஸ்பேனர் கைக்கு எட்டும் தூரம். ஆனால் கை போகவில்லை. உங்கள் அம்மாவின் அப்பா லாரியில் அடிபட்டது, கத்தரிக்கோல், எல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உண்மை மாதிரியே தோன்றியது. இதைத் தொட்டு, அதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு. தொடாமல் நின்று ஏதாவது ஆகிவிட்டால் என்று இன்னொன்று. பயத்தில் மனுஷன் எப்படி யோசிப்பான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

பெரியவள் என் பின்னால் வந்து நின்றாள். "சாமிகிட்ட கேட்டுட்டு எடுங்கப்பா."

"எடுக்கக்கூடாதும்மா, அம்மா திட்டுவா."

"சாமிக்குத்தான் மயில் இருக்குல்ல? அதுக்கு எதுக்குப்பா நம்ம ஸ்பேனரு?"

அதற்குள் உங்கள் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். உன் உதடு வெளுத்து, ஓரத்தில் லேசாக நீலம் ஓடியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தாள். வெற்றிலை மேலிருந்த பிளக்கையும் ஸ்பேனரையும் ஒரே கையால் அள்ளி என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"மாட்டுங்க. சீக்கிரம் மாட்டுங்க."

வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். துணியை உருவினேன். பிளக்கின் நுனியை ஓட்டையில் வைத்தேன். இங்கேதான் கவனம் வேண்டும். பிளக்கை முதலில் கையால்தான் திருப்ப வேண்டும். மரை நேராக விழுந்தால் நூல் சுற்றுகிற மாதிரி தானாக உள்ளே போகும். கோணலாக விழுந்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதை விரல் மட்டும்தான் கண்டுபிடிக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் மரை நாசமாகி, பிளக் அங்கே நிற்காது, வண்டி அவ்வளவுதான். எனக்குப் பின்னால் உன் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவை முரண்டு பிடித்தது. எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவையும் பிடித்தது. அப்போது நான் அழுதேன் என்று நினைக்கிறேன், மழைத் தண்ணீரா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். டக்கென்று மரை உட்கார்ந்தது தெரிந்தது. பிறகு முன்பக்கம் திருப்பினேன். தேங்காய் எண்ணெய் தடவியது போல உள்ளே போனது.

ஸ்பேனரால் இறுக்கி, அதன் தலையில் ஒயர் கேப்பை அழுத்தி மாட்டி, கிக்கரை உதைத்தேன். ஒன்றுமில்லை. திரும்ப உதைத்தேன். இருமிவிட்டு அடங்கியது.

"என்னங்க?" என்றாள் உங்கள் அம்மா. அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"பெட்ரோல் இருக்கு. எல்லாம் இருக்கு. ஏன்னு தெரியலை."

"நான் எடுத்ததாலயா?"

அவள் அப்படிக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. "இதுக்கு எங்கெல்லாம் பொட்டு வச்ச?"

"எங்க வைக்கிறதுன்னு தெரியலைங்க. தலையில ஒண்ணு, அடியில ஒண்ணு வச்சேன். பன்னீர்ல குழைச்ச சந்தனம்."

பிளக்கைத் திரும்பக் கழற்றினேன். அவள் சொன்னது சரி. நுனியில், தீப்பொறி விழ வேண்டிய அந்தச் சின்ன இடைவெளியில், ஈரச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. பொறி எப்படி விழும்? வேட்டி நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். இடுக்கில் போகவில்லை. உங்கள் அம்மா தன் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி நீட்டினாள். அதன் முனையால் சுரண்டி, ஊதி, காய்ந்த பக்கத்தால் துடைத்து, திரும்பக் கையால் மெதுவாகத் திருப்பி மாட்டினேன். அந்த நேரத்தில் மெதுவாகச் செய்வதைப் போலக் கஷ்டம் வேறு எதிலும் இல்லை.

உதைத்ததும் வண்டி பிடித்தது.

பெரியவளை டேங்க் மேல் உட்கார வைத்தேன். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நடுவில் நீ. மாலையைக் கழற்றக்கூட நேரமில்லை. ஹெல்மெட் எடுக்கவில்லை. நாலு பேர் ஒரு வண்டியில், மழையில், நீங்கள் ஒருபோதும் செய்யக்கூடாத மாதிரிப் போனோம். உன் நெஞ்சு என் முதுகில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் என் முதுகுக்குத் தெரிந்தது. ஒரு வேகத்தடையில் இன்ஜின் லேசாகத் திக்கியபோது என் உயிரே நின்றுவிட்டது போலிருந்தது. அதைவிடப் பயம், ஒரு இடத்தில் முதுகில் ஒன்றும் தெரியாமல் போனது.

"மூச்சு விடுறானா?" என்று கத்தினேன்.

"விடுறான், நீங்க ரோட்டைப் பாருங்க!"

பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் ஒருவர் உன்னைப் பார்த்ததுமே கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார். முகத்தில் மாஸ்க்கை வைத்து, புகை மாதிரி மருந்தை விட்டார்கள். டாக்டர் அம்மா உன் முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல ஏதாவது புகை போட்டீங்களா?" என்றார். உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சாம்பிராணி" என்றாள். "இனிமே இவன் இருக்கிற வீட்டுல அது வேணாம்மா" என்று அவர் சொன்னார். திட்டவில்லை.

உங்கள் அம்மா வெளியே போய், ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் போன் செய்து, வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொன்னாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"பூஜையில இருந்ததை எடுத்துட்டேங்க. எதாவது ஆயிடுமா?"

"ஆச்சுன்னா என்கிட்ட வரட்டும். மாட்டினவன் நான்தானே?"

"எடுத்தவ நான்."

இரண்டு பேரும் உன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்து ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு மருந்து முடிந்து இன்னொன்று வைத்தார்கள். கழுத்துக் குழி உள்ளே போவது குறைந்த மாதிரி தெரிந்தது. உண்மையாகவே குறைந்ததா, நான் ஆசைப்படுவதால் அப்படித் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

நர்ஸ் மூன்றாவது தடவை மாஸ்க்கைக் கொண்டுவந்தபோது நீ அதைக் கையால் தள்ளிவிட்டாய்.

"எனக்கு வேணாம் இது நாறுது எங்கக்கா மூஞ்சியில வைங்க!"

நர்ஸ் சிரித்துவிட்டார். "பாருங்கம்மா, மூச்சு விடாம பேசிட்டான். இனிமே பயமில்லைங்க" என்றார்.

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். நீ மாஸ்க்குக்குள்ளிருந்து இன்னும் சத்தமாக, வேணாம் வேணாம் என்று கத்தினாய். "சும்மா இருடா" என்று உங்கள் அம்மா அதட்டப் போனாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"விடும்மா. கத்தட்டும்" என்றேன்.